வீழ்நர் எண் ஒன்று

பதினொரு மணிக்குள் பெர்பெத்துவா இரண்டு முறை விழுந்துவிட்டாள். மூன்றாவது முறைக்குத் தரையில் கஞ்சித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். எந்த இடத்தில் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்குப் பெயர் விழுவது அல்ல, படுப்பது. தண்ணீர் நிறைந்த பேசினை இடுப்பில் அணைத்துக்கொண்டு, நாற்பதடிக் களத்தில் அவள் பாட்டுக்கு நடந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், நாக்பூரிலிருந்து வந்திருந்த பதினைந்து பொறியாளர்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தெட்டாவது அடியில் வலது கால் முன்னால் பறந்தது. உடம்பு பின்னால் சாய்ந்து, பிறகு என்னவோ யோசித்ததுபோல் இடப்பக்கம் திரும்பி, இடது முட்டியில் இறங்கியது. முட்டி தரையில் மோதிய ஓசை கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. பேசினிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பெர்பெத்துவா உடனே எழுந்தாள். பேசினைக் கீழே வைத்துவிட்டு உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அடி பட்டதா? வலி பத்துக்கு எத்தனை?" என்று சுவரிலிருந்த பதிவிக் கருவி கேட்டது.

"ஒண்ணுமில்ல."

பூஜ்யம் என்று பதிவி எழுதிக்கொண்டது. நாக்பூர்க்காரர்கள் கைதட்டினார்கள். அவள் தலையை லேசாக ஆட்டி அதை ஏற்றுக்கொண்டாள். எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது வீழ்ச்சி அது. இந்த உலகத்தில் இத்தனை முறை முறையாக விழுந்து எழுந்தவர் வேறு யாரும் இல்லை.

தூத்துக்குடிக்காரர்களிடம் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டால் உப்பு என்பார்கள், மக்ரூன் என்பார்கள், மூன்றாவதாக வீழ்களத்தைச் சொல்வார்கள். விழுகிறவர்களைத் தாங்கும் தாங்குதளம் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பார்வைக்குச் சாதாரணத் தரைக்கல்தான். கிட்டத்தில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், ஊசிமுனையை விடச் சிறிய செதிள்கள் லட்சக்கணக்கில் படுத்திருப்பது தெரியும். கால் பட்டதும் தேவையான செதிள்கள் நிமிர்ந்து உள்ளங்காலைப் பிடித்துக்கொள்ளும். அதையும் மீறி வழுக்கினால், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் தளம் ஓரிடத்தில் மெத்தென்றும் இன்னோரிடத்தில் கெட்டியாகவும் மாறி, விழுகிற உடம்பைத் திருப்பிவிடும். முழுதாகத் தடுக்க முடியாத வீழ்ச்சிகளில், உடம்பின் எந்தப் பாகம் தரையைத் தொட வேண்டும் என்று தளமே முடிவு செய்யும்.

வேலைசெய்யும் இடம் எதுவானாலும் தாங்குதளம் இருக்க வேண்டும், சுவரில் ஒரு பதிவி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆலை, அடுக்களை, அலுவலகம் எங்கும் வழுக்கி விழுந்து அடிபடுவோர் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. அங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. யாரும் விழாவிட்டால் தளம் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? மாதத்துக்கு ஒரு புதுச் செருப்பு வருகிறது, புதுப் புது எண்ணெய் வருகிறது. பொம்மைகளை விழவைத்துப் பார்த்தார்கள். பொம்மைகள் பொம்மை மாதிரியே விழுந்தன. மனிதனோ விழுந்துகொண்டிருக்கும்போதே பாதி வழியில் மனதை மாற்றிக்கொள்கிறவன். ஆகவே வீழ்நர்கள் தேவைப்பட்டார்கள். யாரையும் தாங்காமல், விழவிட்டு வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஒரு களமும் தேவைப்பட்டது.

பெர்பெத்துவா அதற்கு முன் இறால் உரிக்கும் கம்பெனியில் பதினான்கு வருடம் இருந்தவள். ஐஸ் தண்ணீரும் இறால் ஓடும் காலடியில் கிடக்க, மாதத்துக்கு மூன்று முறையாவது வழுக்கியிருக்கிறாள். கையிலிருந்த இறால் தட்டை ஒருமுறைகூடக் கவிழ்த்ததில்லை. ஆள் எடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அவளை வீழ்நர் எண் ஒன்று ஆக்கினார்கள். முட்டிக்கு மெத்தை கட்டிக்கொள்ளச் சொன்னபோது, "வேலைக்குப் போற எவ மெத்தையக் கட்டிக்கிட்டுப் போறா?" என்று மறுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த பதினொரு பேரும் அதே வழியில் போனார்கள். விழ வேண்டும், எழ வேண்டும், ஒண்ணுமில்ல என்று சொல்ல வேண்டும். அதுதான் அந்தக் களத்தின் மரியாதை. முதல் வருடத்தில் ஆசீர்வாதம் என்ற வீழ்நர் மட்டும் ஒருநாள் பதிவியிடம் "ஆறு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குக் கண்ணாடிப் பாப்பா என்று பெயர். பெயர் வைத்தது பெர்பெத்துவாதான்.

நாக்பூர்க்காரர்கள் போன பிறகு கோமதிநாயகம் வந்தார். தாங்குதளத்தை வடிவமைத்தவர், வெற்றி பெற்ற பிறகும் தலைக்கனம் ஏறாத அபூர்வப் பிறவி. கையில் ஒரு திரைப்பலகை வைத்திருந்தார். முகம் சரியில்லை.

"உக்காருங்கம்மா. ஒரு விஷயம் காட்டணும்."

"நின்னே பாக்கேன் சார். உக்காந்தா எந்திரிக்க..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தி, "சொல்லுங்க," என்றாள்.

திரையில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கடலைமிட்டாய்ப் பட்டறை. செண்பகவல்லி என்ற பெண் கொதிக்கும் பாகுத் தட்டோடு நடந்து வருகிறாள். சிந்திய பாகில் கால் வழுக்குகிறது. தளம் அவளை இடப்பக்கம் திருப்புகிறது. இடது முட்டி தரையில் மோதுகிறது. தட்டு நேராக இருக்கிறது. அவள் எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து போகிறாள்.

"சுத்தமா விழுந்திருக்கா," என்றாள் பெர்பெத்துவா. தன் விழுகையைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"முட்டிச் சில்லு மூணா ஒடஞ்சிருக்கு. அதோட ரெண்டு நாள் வேலைக்கு வந்திருக்கா. மூணாம் நாள் பட்டறையிலயே மயங்கி விழுந்த பிறகுதான் தெரிஞ்சுது. நான் இப்ப பழைய பதிவையெல்லாம் தோண்டிப் பார்த்தேன். இந்த வருஷத்துல மட்டும் முப்பத்தோரு முட்டி. அத்தனையும் இடது. முப்பத்தோரு பேரும் பதிவிகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்காங்க. அதான் கணக்குல பூஜ்யம்."

"தளம் எதுக்கு முட்டியில இறக்குது?"

கோமதிநாயகம் திரையைத் தள்ளினார். அந்த மூன்றில் ஒரு விநாடிக்குள் தளம் எடைபோட்டுப் பார்த்ததெல்லாம் வரிசையாக வந்தது. பாகு மார்பில் கொட்டினால் இவ்வளவு கேடு. மணிக்கட்டு ஊன்றினால் இவ்வளவு. இடுப்பு மோதினால் இவ்வளவு. கடைசி வரி: இடது முட்டி மோதினால் கேடு பூஜ்யம். ஆதாரம், இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வீழ்ச்சிகள், வீழ்நர் எண் ஒன்று.

பெர்பெத்துவா அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"தளத்துக்கு முட்டிங்கறது சும்மா கெடைக்கிற பொருள்மா," என்றார் அவர் மெதுவாக. "எத்தனை தரம் மோதினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அதுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கோம்."

"சொல்லிக்கொடுத்திருக்கோமா, சொல்லிக்கொடுத்திருக்கேனா? நேராச் சொல்லுங்க. எம்மேல குத்தம் சொல்லுதீய."

"உங்க மேல இல்ல. கேட்ட கேள்விக்கு வந்த பதிலை அப்படியே நம்பினது நான். உங்க முட்டிய ஒரு டாக்டர் பாக்கணும்."

"எம் முட்டிக்கு என்ன? பதினோரு வருஷமா ஒருநாள் லீவு போட்டிருக்கேனா?"

"போடல. அதான் பயமா இருக்கு."

அவள் கோபமாகக் கிளம்பிப் போனாள். உட்காராமல் நின்றிருந்ததால் எழ வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது. அவர் கதவுவரை பின்னாலேயே வந்து, அவள் அறிந்திருந்த ஒன்றையே திரும்பச் சொன்னார். நிறுவனத்தின் விதி பதினான்கின்படி, உடம்பில் காயம் உள்ள எவரும் தளத்தில் வேலைசெய்யக் கூடாது. முட்டியைப் பற்றி அவள் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் தளம் மாறாது. இரண்டில் எதைச் செய்யச் சொல்லியும் அவர் அவளைக் கேட்கவில்லை.

மறுநாள் பெர்பெத்துவா கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள். அந்தப் பெண் ஏதோ தப்பாகக் கால் வைத்திருக்க வேண்டும், அதை நேரில் கேட்டு நிரூபித்துவிடலாம் என்பது அவள் எண்ணம். இறங்கும்போது படிக்கட்டில் இடது காலை முதலில் வைத்தாள். ஏழு வருடமாக அப்படித்தான் இறங்குகிறாள். யாரும் கவனித்ததில்லை, அவளும் கவனிக்காததுபோல் இருந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் செண்பகவல்லி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தளத்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் பதறிப்போய் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, லேசா இடிச்சுக்கிட்டேன். பாகு ஒரு சொட்டு சிந்தல, பாத்துக்கிடுங்க. பட்டறையில எல்லாரும் அதத்தான் பேசுதாக."

பெர்பெத்துவாவுக்கு யாரோ தன் குரலைத் திருடி எதிரே உட்காரவைத்ததுபோல் இருந்தது. வார்த்தை அவளுடையது. அந்தச் சிரிப்பும் அவளுடையது. சொட்டுகூடச் சிந்தாத பெருமையும் அவளுடையதேதான். இங்கே அதற்குக் கீழே ஒரு முட்டி மூன்று துண்டாகக் கிடந்தது.

அவள் வார்டு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இங்க யாரும் இல்ல. எங்கிட்டச் சொல்லு. எப்படி வலிச்சுது?"

செண்பகவல்லி கதவைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அப்புறம் உதடு கோணியது.

"உசுரு போயிட்டு வந்துச்சுக்கா," என்றாள். சொன்னதும் அழுதுவிட்டாள். "எந்திரிக்கையில கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. எல்லாவளும் பாத்துக்கிட்டு நிக்காளுவ. என்னன்னு சொல்ல?"

பெர்பெத்துவாவுக்கு வெட்கமாக இருந்தது. அவள் விழுந்தபோதெல்லாம் வராத வெட்கம். இத்தனை வருடம் இந்தப் பெண்ணின் முட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தோம் என்று தோன்றியது. சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டில் விளிம்பில் காலை வைத்துக் காட்டினாள். பனங்கிழங்கு முடிச்சுபோல் வீங்கி, ஒருபக்கமாகத் தள்ளியிருந்த முட்டியை செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பெற்ற தாய்க்கும் கட்டியவனுக்கும் காட்டாததை முன்பின் தெரியாத ஒருத்திக்குக் காட்டியாயிற்று.

அன்று சாயங்காலமே வீழ்களத்துக்கு வந்து கோமதிநாயகத்தின் அறைக்கதவைத் தட்டினாள்.

"பதிவியத் தொறங்க சார். ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறையும் போடுங்க. ஒண்ணு ஒண்ணாச் சொல்லுதேன்."

"விதி பதினாலு..."

"படிச்சிருக்கேன்."

ஒன்பது நாள் ஆயிற்று. காலையிலிருந்து மாலைவரை அவள் திரைக்கு முன்னால், முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீழ்ச்சிகளைப் பார்த்தாள். விழுவதில் காட்டிய சுத்தத்தை இதிலும் காட்டினாள். பத்துக்கு எத்தனை என்று பதிவி கேட்டபோது, "எண்ணுல சொல்ல முடியாது, எழுதிக்க," என்று அதட்டினாள். இது சுருக்கென்று தைத்தது. இது விண்விண்ணென்று தெறித்தது. இது அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்றாம் நாள் காலையில் கடுத்தது. இது குடைச்சல், மழைக்காலத்தில் வரும். இது உளைச்சல், எந்தப் பக்கம் படுத்தாலும் போகாது. இது வலியே இல்லை, மரத்துப்போனது, அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். பதிவியில் வலிக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. கோமதிநாயகம் பதினேழு கட்டமாக்கினார்.

மூன்றாம் நாள் ஆசீர்வாதம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றான். மற்ற வீழ்நர்களும் கதவோரம் வந்திருந்தார்கள்.

"அன்னைக்கு ஆறுன்னு சொன்னியே ஆசீர், ஆறுதானா?" என்று கேட்டாள் அவள்.

"எட்டுக்கா. வெக்கப்பட்டு ரெண்டக் கொறச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. "கண்ணாடிப் பாப்பான்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கப்பா," என்றாள் பெர்பெத்துவா எல்லோர் முன்னிலையிலும். அன்று மத்தியானத்திலிருந்து பதினொரு பேரும் தங்கள் தங்கள் வீழ்ச்சிகளைத் திரையில் போடச்சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் முடிவில் அவள் கோமதிநாயகத்திடம் இன்னொன்றும் சொன்னாள்.

"விழுறது வழுக்கின எடத்துல ஆரம்பிக்கல சார். அதுக்கு நாலு நாள் முந்தியே ஆரம்பிச்சிருது. முட்டி வலிய மறைக்க மறுகாலச் சாச்சு வைப்போம். ஒருநாள் அந்தக் கால் தவறும். எண்ணெய் மேல பழியப் போட்டுருவோம். ஓங்க தளத்துக்கு நெஜமாவே புத்தி இருந்தா, விழுறதத் தடுக்க வேண்டாம். வலியோட வைக்கிற அந்த அடியத் தடுக்கட்டும்."

கோமதிநாயகம் அதை அப்படியே குறித்துக்கொண்டார். இருபத்தாறு வருடப் படிப்பில் தனக்குத் தோன்றாதது இது என்று வாய்விட்டே சொன்னார். பிறகு அதைச் செய்தார். பன்னிரண்டு வீழ்நர்களின் வலியையும் நடையையும் பொருத்திப் பார்த்து, நடையிலிருந்து வலியைக் கண்டுபிடிக்கத் தளத்துக்குக் கற்றுக்கொடுத்தார். மறைத்த வலியோடு ஒருவர் அடியெடுத்து வைத்தால், தளம் அடுத்த அடிக்கு விடாமல் பிடித்துக்கொள்ளும்; வலி எங்கே என்று பதிவி கேட்கும்; சொன்னால், அந்த வலிக்குத் தக்கபடி தாங்கி நடத்திவிடும். வீழ்களத்தில் அவர்கள் பன்னிரண்டு பேரை வைத்துச் சோதித்தார்கள். உண்மையைச் சொல்லிவிட்டவர்கள் என்பதால் தளம் அவர்களைப் பஞ்சுபோல் நடத்திக்கொண்டு போனது. சோதனை முழு வெற்றி.

நிறுவனத் தலைவர் சங்கரபாண்டியன் மகிழ்ந்துபோனார். பெரிய விழா எடுக்க வேண்டும் என்றார். பெர்பெத்துவாவுக்குப் பொன்னாடை, கேடயம், அதே மேடையில் புதிய அறிவை நாடு முழுவதும் உள்ள தளங்களுக்கு அனுப்பிவைத்தல். அப்புறம் விதி பதினான்கின்படி பணிநீக்கம்.

"விதிய எழுதினது நானேதான். எவரும்னு போட்டிருக்கேன் பாருங்க. எவரும்னா எவரும். ஒருத்தருக்குத் தளர்த்தினா அப்புறம் பாதுகாப்புக்கு என்ன மரியாதை?" என்றார் கோமதிநாயகத்திடம். கெட்டவர் இல்லை. தான் போட்ட கோட்டைத் தானே தாண்டாதவர் என்ற பெருமை அவருக்கு ரொம்ப உண்டு. கோமதிநாயகம் இரண்டு முறை வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. பெர்பெத்துவா வாதாடவில்லை. இறால் கம்பெனி இனி எடுக்காது, நாற்பத்தாறு வயதில் இந்தக் காலோடு வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள், சொன்னதற்கு வருந்தவும் இல்லை.

விழா மண்டபத்தில் நானூறு பேர். தரையெல்லாம் புதுத் தாங்குதளம். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் ஆலைத் தொழிலாளர்கள், பரிமாறுகிறவர்கள், மேளக்காரர்கள். மேடையின் இடது ஓரத்தில் பெர்பெத்துவா நின்றாள். வலது ஓரத்தில் ஒரு மேசை, நாற்காலி. மேசைமேல் அவளுடைய பணிநீக்கத் தாள், ஒரு பேனா. தலைவர் நன்றாகவே பேசினார். இந்தப் பெண்ணின் முட்டியின் மேல்தான் இந்நாட்டுத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள் என்றபோது பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் வந்திருந்த செண்பகவல்லிதான் எல்லோரையும்விட சத்தமாகத் தட்டினாள். பெர்பெத்துவா நிமிர்ந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். தனக்குச் சேர வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். புதிய அறிவு எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். இரண்டாவது அடி வைக்க முடியவில்லை.

தளம் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வலி எங்கே?" என்று கேட்டது சுவரிலிருந்த பதிவி.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் சங்கரபாண்டியன், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. பிடி இறுகியது.

ஏதோ கோளாறு என்று உதவிக்குப் பாய்ந்த செயலாளர் மூன்றாவது அடியில் நின்றுபோனார். கேடயத்தைத் தட்டில் ஏந்தி வந்த பெண் படிக்கு முன்னால் நின்றாள். தவில்காரர் எழுந்த இடத்திலேயே நின்றார். என்னவென்று பார்க்க எழுந்த முன்வரிசை முழுவதும் வேட்டியும் கால்சட்டையுமாக வரிசையாக நின்றது. சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் வாளியோடு எட்டுப் பேர் அப்படியே நின்றார்கள். நானூறு பேரில் நகர முடிந்தவர்கள் வீழ்நர்களும் சில இளவட்டங்களும் மட்டும். பதிவி ஒவ்வொருவரையும் அலுக்காமல் கேட்டது: வலி எங்கே? வலி எங்கே? எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தளம் ஒருவரையும் நம்பவில்லை.

கோமதிநாயகத்தின் பையிலிருந்த பேசி அடிக்கத் தொடங்கியது. கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலை நிற்கிறது. சென்னையில் ஒரு தலைமை அலுவலகத்தில் ஏழு மாடியும் நிற்கிறது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நடமாடுகிறார்கள், டாக்டர்கள் நிற்கிறார்கள். நாக்பூர் கூப்பிட்டது, அங்கேயும் அப்படித்தான். வேலைக்குப் போன பத்துப் பேரில் ஏழு பேர் வைத்த காலை எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். பதிலுக்கு எல்லோரிடமும் சொல்ல அவரிடம் ஒரே விஷயம்தான் இருந்தது: தளத்தில் கோளாறு எதுவும் இல்லை. அதைச் சொன்ன அவரும் இடுப்பைப் பிடித்தபடி அசையாமல்தான் நின்றார்.

பெர்பெத்துவா நடந்தாள். தளம் அவள் இடது முட்டியை அறியும். ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய அளவு எழும்பிக் கொடுத்தது. மறைக்காமல் நொண்டிக்கொண்டு மேடையின் நடுவுக்கு வந்தாள். கூட்டம் முழுவதும் அவளையே பார்த்தது.

"எங்க சார் வலிக்கு?"

"எனக்கென்னம்மா, நல்லாத்தான்..."

"சார். நானும் பதினோரு வருஷம் இதத்தான் சொன்னேன். மெல்லச் சொல்லுங்க, எனக்கும் தளத்துக்கும் கேட்டாப் போதும்."

சங்கரபாண்டியன் குனிந்து தன் காலைப் பார்த்தார். அறுபத்து மூன்று வயது மனிதர். காலையில் நடைப்பயிற்சி போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்.

"வலது குதிங்கால்," என்றார். "ஆணி அடிக்கிற மாதிரி. மூணு வருஷமா."

பிடி தளர்ந்தது. "நன்றி. குதிகாலை ஊன்ற வேண்டாம். யாரையாவது பிடித்துக்கொண்டு நடங்கள்," என்றது பதிவி. அது மெல்லப் பேசக் கற்றுக்கொண்டதில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இடுப்பு! எனக்கு இடுப்பு, ஆறு வருஷம்!" என்று கத்தியது. யாரோ "தோள்பட்டை" என்றார்கள். தவில்காரர் மணிக்கட்டு என்றார். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு மூல வியாதி என்றார். சற்று நேரத்தில் மண்டபம் ஏலக்கடைபோல் ஆகிவிட்டது. பத்து வருட வலிக்காரர்கள் ஐந்து வருடக்காரர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள். சொல்லச் சொல்லக் கால்கள் விடுபட்டன. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, முதலாளி தொழிலாளி என்று பாராமல் அவரவர்க்குக் கிடைத்த தோளில் சாய்ந்து, மெதுவாகச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நகர்ந்தார்கள்.

சங்கரபாண்டியன் மேடையிலேயே நின்றார். பொன்னாடை இன்னும் கையில் இருந்தது. அதைப் பெர்பெத்துவாவின் தோளில் போர்த்தினார். மேசையைப் பார்த்தார். மேசை பத்தடி தள்ளியிருந்தது. அவள் பணிநீக்கத் தாளில் கையெழுத்துப் போட அவர் அங்கே போயாக வேண்டும். போவதானால் ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"வாங்க சார்," என்றாள் அவள். "போட வேண்டியதப் போட்டுருங்க. எவரும்னா எவரும்தான்."

அவர் அவள் தோளில் கைவைத்தார். அவள் இடதுகாலை நொண்ட, அவர் வலதுகாலை நொண்ட, இரண்டு பேரும் சேர்ந்து ஒருவழியாக நேராக நடந்தார்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றாள். அவர் தாளை எடுத்து முழுவதும் படித்தார்; 'எவரும்' என்ற சொல்லை இரண்டாவது முறையும் படித்தார். கீழே கூட்டம் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். பேனாவைத் திறந்து ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். நீல மை பளிச்சென்று விழுந்தது. அவளும் பார்த்தாள்.

"பேனா எழுதல," என்றார் சங்கரபாண்டியன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் தளம் அவரை எதுவும் கேட்கவில்லை.